காயலான் கடைக்குப் போகாத கணினிகள்

தபால்தலை சேர்ப்பவர் என்றால் நமக்கு ஒரு மரியாதை வருகிறது. பழைய நாணயம் சேர்ப்பவர் என்றால் "அப்படியா, கொஞ்சம் காட்டுங்களேன்" என்கிறோம். ஆனால் பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர் என்றால்? "இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு இதெல்லாம், காயலான் கடையில் போடு" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில்.

அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நூறு தபால்தலை ஒரு ஆல்பத்தில் அடங்கிவிடும். ஒரே ஒரு பழைய மானிட்டர் பாதி மேஜையைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, நாணயம் சும்மா கிடந்தாலும் நாணயம்தான். கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும்.

இருந்தும் உலகம் முழுக்கச் சிலர் விடாமல் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் சேர்த்தவை என்ன ஆயின? மூன்று பேரின் சேகரிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஒன்று பிழைத்தது, ஒன்று ஏலத்துக்குப் போனது, ஒன்று குண்டுக்கு இரையானது. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

செய்தவர்களே அழித்த கதை

முதலில் ஒரு கேள்வி. கணினியைச் செய்த நிறுவனங்களே அதைப் பாதுகாத்திருக்கலாமே, தனி ஆட்கள் எதற்கு?

வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க பிரிட்டன் 1944-ல் 'கொலோசஸ்' என்ற மின்னணு இயந்திரத்தை இயக்கியது. போர் முடிவதற்குள் இப்படிப் பத்து இயந்திரங்கள் வந்துவிட்டன. போர் முடிந்ததும் ரகசியம் காக்க வேண்டும் என்று அவற்றில் பெரும்பாலானவை பிரித்துப் போடப்பட்டன, வரைபடங்களும் எரிக்கப்பட்டன. பிறகு டோனி சேல் என்ற பொறியாளர் 1993-ல் அதை மறுபடி கட்டத் தொடங்கினார். கையில் இருந்தவை 1945-ல் எடுத்த சில புகைப்படங்களும், பழைய பொறியாளர்கள் விதியை மீறி வைத்திருந்த சில வரைபடத் துண்டுகளும்தான். கட்டி முடிக்க 2007 ஆயிற்று. ஒன்றை அப்படியே விட்டு வைத்திருந்தால் இந்தப் பதினான்கு வருட உழைப்பு தேவைப்பட்டிருக்காது!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கும் இதே கதிதான். அடுத்த இயந்திரம் தயாரானதும் 1958-ல் பழையதை நிறுத்திக் கழற்றிவிட்டார்கள். காரணம் ரகசியம் இல்லை, சாதாரண இடப் பிரச்சினை.

ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் பெரிய கணினிகளை வாடகைக்குத்தான் கொடுத்தன. வாடகை முடிந்து திரும்பி வந்த இயந்திரம் பெரும்பாலும் உடைக்கத்தான் போனது. அந்தக் காலத்துச் சர்க்யூட் பலகைகளின் முனைகளில் தங்கப் பூச்சு இருந்ததால் பழைய பொருள் வியாபாரிகளுக்கும் அவை மேல் ஒரு கண். ஆப்பிள் நிறுவனம்கூட, 1977-ல் ஆப்பிள் II வந்த பிறகு, முந்தைய ஆப்பிள்-1 பலகைகளை வாடிக்கையாளர்களிடமிருந்து மாற்றிக்கொண்டு அழித்தது. மொத்தமே சுமார் 200 தான் செய்திருந்தார்கள்.

நிறுவனங்களுக்குப் பழைய இயந்திரம் ஒரு செலவு. புதியதை விற்பதுதான் அவர்கள் தொழில். இதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் பாதுகாக்கும் வேலை வேறு யாரோ ஒருவர் தலையில்தான் விழும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சேர்க்கும் ஆசை எங்கிருந்து வந்தது?

கணினி ஒரு அறை அளவு இருந்தவரை அதை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட முடியாது. அது மாறியது 1975-ல். அந்த ஜனவரி மாத 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. பாகங்களாக வாங்கினால் 397 டாலர், பற்றவைத்துப் பூட்ட வேண்டியது நம் வேலை. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முன்பக்கம் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டும். நினைவகம் 256 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் வைக்க இடம் போதாது! ஆனாலும் ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

அதே ஆண்டு மார்ச் 5 அன்று கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' கூடியது. அங்கே வந்துபோன ஸ்டீவ் வாஸ்னியாக், நண்பர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்ததுதான் பிறகு ஆப்பிள்-1 ஆனது. 1976-ல் அதன் விலை 666.66 டாலர்.

பிறகு வரிசையாக வந்தன. பிரிட்டனில் 1981-ல் சின்க்ளேர் இசட்எக்ஸ்81, ஒரு கிலோபைட் நினைவகத்தோடு, பூட்டியது 69.95 பவுண்டு. 1982-ல் ரப்பர் விசைகளோடு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். அதே ஆண்டு அமெரிக்காவில் கொமடோர் 64. இவற்றை வீட்டு டிவியில் இணைத்து, பாட்டுக் கேட்கும் கேசட் பிளேயரில் நாடாவைப் போட்டு, 'கீ...' என்ற இரைச்சல் முடியும்வரை காத்திருந்தால் ஒரு விளையாட்டு வரும். பாதியில் தவறினால் நாடாவைச் சுற்றி முதலிலிருந்து.

இப்படி வளர்ந்த பிள்ளைகள்தான் பெரியவர்களானதும் சேகரிப்பாளர்கள் ஆனார்கள். முதலில் தான் தொட்ட இயந்திரத்தைத் தேடி வாங்குவார்கள். பிறகு சிறு வயதில் வாங்க முடியாமல் போனதை. பிறகு அதோடு பிரின்டர், டிஸ்க் டிரைவ், கையேடு... அப்புறம் நிறுத்த முடியாது.

முதல் சேகரிப்பு: கார்டன் பெல்

கார்டன் பெல் (1934–2024) டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக 'டெக்', என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணினிகளை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். அவருக்குப் பழைய கணக்கிடும் கருவிகளைச் சேர்க்கும் பழக்கம் இருந்தது. 1970-களில் ஒரு செய்தி வந்தது. எம்ஐடியில் 1951-ல் இயங்கத் தொடங்கிய 'வேர்ல்விண்ட்' என்ற புகழ்பெற்ற கணினி பழைய இரும்புக்குப் போகப்போகிறது. டெக் நிறுவனர் கென் ஓல்சன் இளமையில் அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர். அவரும் ராபர்ட் எவரெட்டும் முயன்று அதைக் காப்பாற்றினார்கள்.

காப்பாற்றியதை எங்கே வைப்பது? 1979-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்ல்பரோவில் டெக் அலுவலகத்தின் முகப்புக் கூடத்திலேயே 'டிஜிட்டல் கம்ப்யூட்டர் மியூசியம்' தொடங்கியது. கார்டன் பெல்லின் மனைவி க்வென் பெல் அதை நடத்தினார்.

இங்கேதான் அவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதை நிறுவனத்திடமிருந்து பிரித்து, லாப நோக்கமற்ற பொது அமைப்பாகப் பதிவு செய்தார்கள். பெயரில் இருந்த 'டிஜிட்டல்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள், மற்ற நிறுவனங்களும் பொருளும் பணமும் தரட்டும் என்று. 1984-ல் அது பாஸ்டன் நகரத்துக்கு மாறியது. 1990-ல் உள்ளே நடந்து போகும்படி ஒரு ராட்சதக் கணினியைக் கட்டிக் குழந்தைகளை ஈர்த்தார்கள்.

பாஸ்டன் காட்சியகம் 1999-ல் மூடப்பட்டது. ஆனால் பொருட்கள் தெருவுக்கு வரவில்லை. சேகரிப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே கலிபோர்னியாவுக்குப் போகத் தொடங்கியிருந்தது. இன்று மவுன்டன் வியூ நகரில் இருக்கும் 'கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம்' அதன் வாரிசுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெக் நிறுவனம் 1998-ல் காம்பாக் கைக்குப் போய்ப் பெயரே மறைந்துவிட்டது. அருங்காட்சியகம் அதன் முகப்புக் கூடத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கணினி எப்படிச் சாகிறது?

அடுத்த சேகரிப்புக்குப் போகும் முன் ஒரு தொழில்நுட்ப விஷயம். அலமாரியில் பூட்டி வைத்தாலும் கணினி கெடும் என்று சொன்னேன் அல்லவா?

முதல் எதிரி பேட்டரி. தேதியும் நேரமும் நினைவில் இருக்க மதர்போர்டில் ஒரு சிறு பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். வருடங்கள் போகப் போக அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான்.

இரண்டாவது மின்தேக்கிகள். அவற்றுக்குள் இருக்கும் திரவம் வற்றும் அல்லது வெளியே வழியும். நீண்ட காலம் கழித்து ஆர்வக்கோளாறில் நேராக சுவிட்சைப் போட்டால் சில சமயம் புகைதான் வரும். அதனால் அனுபவசாலிகள் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள், அல்லது பழைய மின்தேக்கிகளை மாற்றிய பிறகே போடுவார்கள்.

மூன்றாவது ரப்பர். டேப் டிரைவ், ஃப்ளாப்பி டிரைவுகளின் பெல்ட்டும் உருளையும் கொழகொழவென்று பிசினாகிவிடும்.

பிளாஸ்டிக் மஞ்சளாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் வெயிலின் புற ஊதாக் கதிரும் இதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. 2008 வாக்கில் ஆர்வலர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மஞ்சள் சில காலத்தில் திரும்பியும் வரலாம்.

இதெல்லாம்கூடச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது தகவல். ஃப்ளாப்பியில் காந்தம் மங்கும். சில வகை சிப்புகளில் நிரல் வெறும் மின்னூட்டமாகத்தான் இருக்கிறது, அது மெல்ல மெல்லக் கசியும். இயந்திரம் பளபளவென்று இருக்கும், ஆனால் தான் யார் என்பதே அதற்கு மறந்துபோயிருக்கும்.

ஆகவே ஒரு கணினியைப் பாதுகாப்பது என்றால் அதை ஓட வைப்பது என்றுதான் பொருள். மவுன்டன் வியூவில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், இதைத்தான் செய்தார்கள். டெக்கின் முதல் கணினியான பிடிபி-1-ஐ ஓட வைத்து, அதற்காக 1962-ல் எழுதப்பட்ட 'ஸ்பேஸ்வார்' விளையாட்டைப் பார்வையாளர்கள் ஆடும்படி செய்தார்கள். 1959-ல் அறிமுகமான ஐபிஎம் 1401 கணினிகள் இரண்டையும் உயிர்ப்பித்தார்கள்.

இரண்டாவது சேகரிப்பு: பால் ஆலன்

ஓட வைப்பதையே முழு லட்சியமாகக் கொண்டவர் மைக்ரோசாப்டின் இணை நிறுவனர் பால் ஆலன்.

சியாட்டில் நகரில் 1968-ல் பள்ளிக்கூட மாணவராக இருந்தபோது ஆலனும் பில் கேட்ஸும் ஒரு நிறுவனத்தின் பிடிபி-10 கணினியைப் பயன்படுத்தும் வாய்ப்புப் பெற்றார்கள். கார்டன் பெல் வேலை பார்த்த அதே டெக்கின் தயாரிப்பு அது. பல பேர் ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து பயன்படுத்தலாம். மாணவர்கள் அதில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், பதிலுக்கு இலவசமாகக் கணினி நேரம் கிடைக்கும். பிறகு 1975-ல் ஆல்டேர் 8800-க்கு பேசிக் மொழியை எழுதியபோதும், ஹார்வர்டில் இருந்த ஒரு பிடிபி-10 மீதுதான் எழுதினார்கள். ஆல்டேர் அவர்கள் கையில் இல்லை. ஆல்டேர் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை ஆலன் பிடிபி-10-க்குள் உருவாக்கினார். முடித்ததும் காகித நாடாவை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி, ஆல்டேர் தயாரிப்பாளர்களிடம் போய் அசல் இயந்திரத்தில் போட்டார். ஓடியது!

அப்படிப்பட்ட ஒருவர் பணம் வந்ததும் பிடிபி-10-ஐத் தேடிப்போனதில் ஆச்சரியம் என்ன? அவர் சேர்த்தவை 2012 அக்டோபரில் சியாட்டிலில் 'லிவிங் கம்ப்யூட்டர் மியூசியம்' என்று பொதுமக்களுக்குத் திறந்தன. பெயருக்கு ஏற்றபடி அங்கே கணினிகள் உயிரோடு இருந்தன. பார்வையாளர் உட்கார்ந்து தட்டலாம். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் இணையம் வழியாகக் கணக்கு வாங்கி அந்தப் பழைய டெக் இயந்திரங்களுக்குள் நுழையலாம். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1967-ல் நிறுவப்பட்ட சிடிசி 6500 என்ற பிரம்மாண்டக் கணினியைப் பல வருடம் உழைத்து மீண்டும் ஓட வைத்தார்கள்.

ஆலன் 2018 அக்டோபர் 15 அன்று காலமானார். 2020-ல் கொரோனா வந்தபோது அருங்காட்சியகம் மூடப்பட்டது. மற்றவை திறந்தன, இது திறக்கவில்லை. 2024 ஜூனில் இனி திறக்காது என்று அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டே ஆலன் சேகரித்த பல பொருட்கள் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தன. ஸ்டீவ் ஜாப்ஸின் அலுவலகத்தில் இருந்த ஆப்பிள்-1 ஒன்று 9,45,000 டாலருக்குப் போனது. வந்த பணம் அறப்பணிகளுக்கு என்றார்கள்.

அறப்பணி நல்லதுதான். ஆனால் அந்த அருங்காட்சியகத்துக்குப் பொருட்களை இலவசமாகக் கொடுத்த சாதாரண மனிதர்களும் இருந்தார்கள். பொதுமக்கள் பார்ப்பார்கள் என்று நம்பிக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு வருத்தம் வராமல் இருக்குமா? இத்தனைக்கும் பணப் பஞ்சம் இல்லை, இடப் பஞ்சம் இல்லை, திறமைக்கும் பஞ்சம் இல்லை. பெல் தம்பதி ஆரம்பத்திலேயே செய்த அந்த ஒரு வேலை, அதாவது சேகரிப்பைத் தன் சொத்திலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக நிற்க வைப்பது, இங்கே நடக்கவில்லை.

மூன்றாவது சேகரிப்பு: மரியுபோல்

உக்ரைனின் மரியுபோல் நகரில் ஒரு கணினித் துறை ஊழியர் பதினைந்து வருடங்களுக்கு மேலாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருட்கள். 1950-களிலிருந்து 2000-களின் தொடக்கம் வரையிலான கருவிகள். கோடீஸ்வரர் இல்லை, நிறுவனப் பின்னணி இல்லை, முழுக்கச் சொந்த ஆர்வம். அதையே ஒரு சிறு அருங்காட்சியகமாக வைத்து மக்களுக்குக் காட்டிவந்தார்.

அங்கே சோவியத் காலக் கணினிகள் இருந்தன என்பதுதான் விசேஷம். அந்த நாட்களில் மேற்கத்தியக் கணினிகள் அங்கே எளிதில் கிடைக்காது. அதனால் பொறியாளர்கள் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தைப் பிரித்து ஆராய்ந்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்து 'லெனின்கிராட்', 'பென்டகன்' என்று தாங்களாகவே நகல்கள் செய்தார்கள். பலர் வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டார்கள். மேற்கத்திய அருங்காட்சியகங்களில் அதிகம் இடம்பெறாத ஒரு வரலாறு இது.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கி, மரியுபோல் முற்றுகைக்குள் வந்தது. மார்ச் மாதத்தில் அந்த அருங்காட்சியகம் குண்டுவீச்சில் அழிந்தது. அவருடைய வீடும் தப்பவில்லை. அவரும் குடும்பத்தாரும் உயிர் பிழைத்து வெளியேறினார்கள்.

ஒரு நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருக்கும்போது பழைய கம்ப்யூட்டருக்காக வருந்துவதா என்று கேட்கலாம். சரியான கேள்விதான். உயிருக்கு ஈடாக எதையும் வைக்க முடியாது. ஆனால் அந்த ஊரின் இளைஞர்கள் வந்து தொட்டுப் பார்த்த ஒரு இடமும் அந்த உயிர்களோடு சேர்ந்தே போயிற்று என்பதும் உண்மை. போர் ஒரு ஊரை அழிக்கும்போது அந்த ஊர் வைத்திருந்த நினைவையும் சேர்த்துத்தான் அழிக்கிறது.

அவர் தன் பொருட்களைப் படமெடுத்து இணையத்தில் விவரங்களோடு வைத்திருந்தார். பொருள் போன பிறகும் அந்தப் படங்கள் மிஞ்சின.

நம் ஊரில்?

இந்தியாவுக்கும் சேகரிக்கத் தக்க கணினி வரலாறு உண்டு. 1984-ல் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் இந்திய வடிவம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸில் தயாரானது.

2004-ல் பெங்களூரு பொறியாளர்கள் வடிவமைத்த சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கையில் வைத்து அசைத்தால் அதை உணரும் வசதி அதில் இருந்தது. ஐபோன் வந்தது 2007-ல்தான்! விற்பனையில் அது வெல்லவில்லை. வெல்லாத பொருள்தான் முதலில் குப்பைக்குப் போகும், ஆகையால் அதைத்தான் முதலில் சேர்த்து வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம் பெண்கள். அவர்கள் கையால் கோக்கப்பட்ட போன்கள் நம் வீடுகளில் மேஜை அறைக்குள் எங்காவது கிடக்கலாம். பேட்டரியைக் கழற்றி உள்ளே இருக்கும் சீட்டைப் பாருங்கள், எந்த நாட்டில் செய்தது என்று போட்டிருக்கும்.

சேர்ப்பவர்களுக்கு நான்கு வார்த்தை

மூன்று கதைகளிலிருந்தும் எடுத்துக்கொள்ளக் கூடியது இவ்வளவுதான்.

முதலாவது, உள்ளே வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். செல்போனோ லேப்டாப்போ, உப்பிய பேட்டரி ஆபத்து. அதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இரண்டாவது, ஃப்ளாப்பி, சிடி, கேசட் எதுவானாலும் படிக்க முடிகிற இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, படம் எடுங்கள். மரியுபோல் சொல்லும் பாடம் அது.

நான்காவதுதான் முக்கியம், அதற்குச் செலவும் இல்லை. ஒவ்வொரு பொருளோடும் ஒரு தாள் வையுங்கள். எப்போது வாங்கியது, என்ன விலை, யார் பயன்படுத்தினார்கள், அதில் என்ன வேலை செய்தார்கள், கடைசியாக எப்போது ஓடியது என்று எழுதுங்கள். அப்பா முதன்முதலாகச் சம்பளப் பட்டியல் போட்ட கம்ப்யூட்டர் என்று ஒரு வரி இருந்தால் போதும், பரணைச் சுத்தம் செய்பவர் அதைத் தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்தத் தாளின் கடைசி வரியில், எனக்குப் பிறகு இது யாருக்கு என்று ஒரு பெயரையும் எழுதிவிடுங்கள். எழுதியதை அந்த ஆளிடம் இப்போதே சொல்லியும் விடுங்கள்.